லெ மான் 2016: போர்ஷேவுக்கு அடிச்சது வெறும் அதிர்ஷ்டமா? அந்தக் கடைசி மூணு நிமிஷம்

#1 நள்ளிரவு_நாலுமணி

பக்கத்து இழையில ஒரு நண்பர், "2016ல போர்ஷே ஜெயிக்கல, டொயோட்டா தூக்கிக் கொடுத்துச்சு"ன்னு எழுதியிருந்தார். அது ஃபெராரி பத்தின இழை. அங்கேயே பதில் எழுதி அதைத் திசைதிருப்ப மனசு வரல. அதனால இங்க தனியா ஆரம்பிக்கிறேன்.

புதுசா வர்றவங்களுக்காக நடந்ததைச் சொல்லிடுறேன். லெ மான்ங்கிறது பிரான்ஸ்ல 24 மணி நேரம் ஓடுற கார் பந்தயம்; ஒரு வண்டியை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, அதிக தூரம் ஓடின வண்டி ஜெயிக்கும். 2016 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மழையில, எல்லா வண்டியையும் மெதுவாக் கூட்டிட்டுப் போற பாதுகாப்புக் காருக்குப் பின்னாடி ஊர்ந்து ஆரம்பிச்ச பந்தயம். 23 மணி 50 நிமிஷத்துக்கு மேல ஓடியாச்சு. முன்னணியில 5ஆம் நம்பர் டொயோட்டா டிஎஸ்050. உள்ள கஸுகி நகஜிமா. ஆன்டனி டேவிட்சனும் செபாஸ்டியன் புவெமியும் தங்கள் பங்கை ஓட்டி முடிச்சுட்டு கராஜுல நிக்கிறாங்க. 1985லேர்ந்து லெ மானுக்கு வந்துட்டு இருக்கிற டொயோட்டாவுக்கு அதுவரைக்கும் ஒரு தடவைகூட எல்லா வகை வண்டிக்கும் சேர்த்த முதலிடம் கிடைச்சதில்ல. நகஜிமா ரேடியோவுல "பவர் இல்ல, பவர் இல்ல"ங்கிறார். வண்டி வேகம் இறங்கி, இன்னும் மூணு நிமிஷம்போல மிச்சம் இருக்கும்போது, ஒரு சுற்று முடியுற கோட்டைத் தாண்டினதும் பிட் (எரிபொருள் போட, டயர் மாத்த வண்டிங்க நிக்கிற இடம்) சுவர் பக்கத்துல நின்னே போச்சு. 2ஆம் நம்பர் போர்ஷே 919ல வந்த நீல் ஜானி அதைக் கடந்து போனார். ஜானி, ரொமேன் டூமா, மார்க் லீப் மூணு பேரும் 384 சுற்றோட ஜெயிச்சாங்க.

இதை "தூக்கிக் கொடுத்தது"ன்னு சொன்னா ரெண்டு அணியையும் கீழே இறக்கிப் பேசுற மாதிரி எனக்குப் படுது. அந்த போர்ஷே 24 மணி நேரம் கழிச்சும் அதே சுற்றுல இருந்தது. அந்த வருஷம் டொயோட்டா ஒரு டேங்க்ல 14 சுற்று ஓடுச்சு, போர்ஷே 13. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனா சுற்று 13.6 கிலோமீட்டர். நாள் முழுக்க ஓடினா போர்ஷே கூடுதலா பிட்டுக்கு வரணும், அந்த நேரத்தைச் சாலையில வேகமா ஓட்டித்தான் மீட்கணும். ராத்திரி பூரா அதைச் செஞ்சாங்க. டொயோட்டாவை ஒரு மணி நேரம்கூட நிம்மதியா ஓட விடல. கடைசி மூணு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பேசினா அந்த உழைப்பு கணக்குல வராமப் போயிடும்.

#2 டீசல்தான்

நான் ஆடி ரசிகன், ரெண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் கிடையாது. உங்க மதிப்பு புரியுது நண்பரே, ஆனா ஒத்துக்க முடியல. யார் வேகமா இருந்தாங்க, யார் பிழையில்லாம இருந்தாங்கன்னு பார்த்தா அன்னிக்கு டொயோட்டாதான். கோப்பையில யார் பேர் வேணா இருக்கட்டும், என் மனசுல அந்த வருஷத்து வெற்றி 5ஆம் நம்பருக்குத்தான். நகஜிமா வண்டிக்குள்ள அப்படியே உட்கார்ந்திருந்ததை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

#3 கோவை_டர்போ

வணக்கம்ங்க. டர்போ வேலை பார்க்கிற ஆளுங்கிறதால இதுல ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு.

அந்த வண்டியில என்ன போச்சுன்னு டொயோட்டாவே அப்புறம் சொல்லிட்டாங்க. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல காத்து போற குழாயோட இணைப்பு. அவ்ளோதாங்க. இன்ஜின் உடையல, பிஸ்டன் உருகல, ஹைப்ரிட் மோட்டாரும் பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சு. டர்போ காத்தை அழுத்தும்போது காத்து சூடாகும், சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி. அதனால இன்டர்கூலர்ல குளிர வெச்சு இன்ஜினுக்கு அனுப்புறோம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு விட்டுப்போனா டர்போ எவ்வளவு சுத்தினாலும் காத்து வெளியதான் போகும்.

போன மாசம் பட்டறைக்கு ஒரு டீசல் வேன் வந்துச்சுங்க. டிரைவர் சொன்ன புகார் ஒண்ணே ஒண்ணு: "வாளையார் தாண்டி வரும்போது நல்லா இருந்த வண்டி, திடீர்னு பிக்கப் இல்லாமப் போச்சு. மேட்டுல ரெண்டாவது கியர்லதான் ஏறுது." பின்னாடி ஒரே கரும்புகை. பானெட்டைத் திறந்து, இன்னொருத்தரை ரேஸ் பண்ணச் சொல்லிட்டு, குழாய் மேல சோப்புத் தண்ணி அடிச்சேன். இன்டர்கூலர் வாய்கிட்ட நுரை புசுபுசுன்னு பொங்குச்சு. கிளாம்பு அதிர்வுல நகர்ந்து, ஹோஸ் அரை இஞ்ச் வெளிய வந்திருந்துச்சு. ஹோஸைத் துடைச்சு உள்ள தள்ளி, 7ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர்ல கிளாம்பை இறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. வண்டி பழையபடி ஏறுச்சு.

நகஜிமாவுக்கு அந்தப் பத்து நிமிஷம் இல்லைங்க. டீம் ரேடியோவுல கன்ட்ரோல் செட்டிங்கை மாத்தச் சொல்லி, வண்டியை ஒரு மாதிரி நகர்த்திட்டாங்க. ஆனா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. 24 மணி நேரமும் அதே அழுத்தத்தையும் அதே அதிர்வையும் தாங்கின இணைப்புங்க அது. எப்ப விடும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால இது யாரோட கவனக்குறைவும் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

#4 லாச்சப்பல்காரன்

அண்ணைமார், அண்டைக்கு நான் அங்கை நிண்டனான். அதாலை எழுதிறன்.

பாரிஸிலை இருந்து நாங்கள் நாலு பேர் மொன்பர்னாஸ் ஸ்டேசனிலை கோச்சி (ரயில்) ஏறிப் போனனாங்கள். ஒரு மணித்தியாலம்தான். பிறகு லெ மான் டவுனிலை இருந்து ட்ராம் பிடிச்சால் கடைசித் தரிப்பிடத்திலை இறக்கி விடும். எங்கடை இருக்கை பிட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம்.

கடைசி மணித்தியாலத்திலை சனம் எல்லாம் எழும்பி நிக்கத் தொடங்கீட்டுது. ரெண்டு நாள் நித்திரை இல்லாத முகங்கள். டொயோட்டா முதல் தரம் வெல்லப் போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும். பெரிய திரையிலை கார் மெதுவாகுது. முதலிலை நாங்கள் நினைச்சது, கடைசிச் சுற்று எண்டு ஆறுதலாக ஓடுறார், மற்றக் காரோடை சேர்ந்து படம் எடுக்கப் போகினம் எண்டு. பிறகு அந்தச் சிவப்பு வெள்ளைக் கார் எங்கடை கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டிட்டுது. அப்பதான் விளங்கினது.

நான் அந்தச் சத்தத்தை மறக்கமாட்டன். கத்தின சத்தம் இல்லை. அவ்வளவு சனமும் ஒரே நேரத்திலை மூச்சை உள்ளை இழுத்த மாதிரி ஒரு சத்தம். அதுக்குப் பிறகு போர்ஷே போன சத்தம் தனியாக் கேட்டது.

எனக்குப் பக்கத்திலை போர்ஷே தொப்பியோடை ஒரு பிரெஞ்சு வயசாளி இருந்தவர். சனிக்கிழமை மத்தியானத்திலை இருந்து 2ஆம் இலக்கக் கார் எங்களைக் கடக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு சின்னக் கொப்பியிலை நேரம் எழுதிக்கொண்டு இருந்தவர். அவருடைய கார் வெல்லுது. மனுசன் கை தட்டேல்லை. தொப்பியைக் கழட்டி மடியிலை வச்சிட்டுப் பேசாமல் இருந்தவர்.

டீசல்தான் அண்ணை சொன்ன "மனசிலை வெற்றி" எனக்கும் விளங்குது. ஆனால் அந்த மனுசன்ரை கொப்பியிலை இருந்ததும் பொய் இல்லை.

#5 புதுவண்டி

அண்ணா, ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க, நான் இந்த விளையாட்டுக்கு ரொம்பப் புதுசு. 5ஆம் நம்பர் வண்டி கடைசியில மறுபடி ஓடி முடிச்சுதுன்னு சொல்றீங்க. அதுவும் 384 சுற்றுதானே? அப்ப ஏன் ரெண்டாவது இடம்கூடக் கொடுக்கல? முடிவுப் பட்டியல்ல ரெண்டாவதா 6ஆம் நம்பர் டொயோட்டா இருக்கு, அது மூணு சுற்று பின்னாடி. மூணாவதா ஆடி, அது 12 சுற்று பின்னாடி!

#6 கொடிமேடை

இதுல தப்பா நினைக்க ஒண்ணுமில்ல தம்பி, சரியான கேள்வி.

அங்க ஒரு விதி இருக்கு: கடைசிச் சுற்றை 6 நிமிஷத்துக்குள்ள முடிச்சாகணும். வழக்கமா அந்த வண்டிகள் மூணரை நிமிஷத்துக்குள்ள சுத்தி வந்துடும். நகஜிமாவுக்குக் கிட்டத்தட்ட 12 நிமிஷம் ஆச்சு. அதனால வண்டி வகைப்படுத்தப்படவே இல்ல. 24 மணி நேரம் ஓடியும் தர வரிசையில இடமே கிடையாது.

பார்க்கக் கொடுமையாத்தான் இருக்கும். ஆனா அப்படி ஒரு விதி இல்லேன்னா, பாதி உடைஞ்ச வண்டியைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரங்கட்டிட்டு, மணி அடிச்சதும் தள்ளாடித் தாண்டிடலாம். பின்னாடி 300 கிலோமீட்டர் வேகத்துல வண்டிங்க வந்துட்டு இருக்கும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல கொடி பிடிச்சு நின்னவன்ங்கிற முறையில சொல்றேன், ஊர்ந்து போற வண்டிதான் எங்களுக்குப் பெரிய பயம். நின்ன வண்டிக்கு மஞ்சள் கொடி காட்டிடலாம். ஊர்ற வண்டி அடுத்த நொடி எங்க இருக்கும்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. நாலுமணி சார் கருத்துல எனக்கு ஒரு இடிக்குது. போர்ஷே நெருக்கினதாலதான் இது நடந்ததுங்கிறீங்க. ஆனா டொயோட்டா மூணு சுற்று முன்னாடி இருந்திருந்தாலும் அந்த இணைப்பு விட்டிருந்தா இதே 6 நிமிஷ விதி அவங்களைப் பிடிச்சிருக்கும். போர்ஷே பக்கத்துல இருந்தாலும் இல்லாட்டியும் முடிவு ஒண்ணுதானே?

#7 நள்ளிரவு_நாலுமணி

கொடிமேடை சார், நல்ல கேள்வி. ராத்திரி படிச்சேன், யோசிச்சுட்டு இப்ப எழுதுறேன்.

இணைப்பு அதே நிமிஷத்துல விட்டிருந்தா நீங்க சொல்றதுதான் நடந்திருக்கும், மறுக்கல. ஆனா மூணு சுற்று முன்னிலையில இருக்கிற அணி கடைசி மூணு நாலு மணி நேரத்தை எப்படி ஓட்டும்? ஓட்டுநர்கிட்ட வளைவோரத்துல இருக்கிற மேட்டுக் கல் மேல ஏறாதேம்பாங்க, டர்போ அழுத்தத்தைக் குறைப்பாங்க, பிட்ல ஒரு நிமிஷம் கூடுதலா எடுத்து எல்லாத்தையும் தொட்டுப் பார்ப்பாங்க. வண்டியைக் கையில ஏந்திக் கொண்டுவர்ற மாதிரி கொண்டுவருவாங்க. போர்ஷே அந்த வாய்ப்பைத் தரவே இல்ல. அதனாலதான் இணைப்பு விட்டுதுன்னு நிரூபிக்க என்கிட்ட எதுவும் இல்ல, இது என் நம்பிக்கைதான். ஆனா பொறுமைப் பந்தயத்துல எதிராளியை அடிக்கிற வழியே இதுதான்னு நினைக்கிறேன். அவன் வண்டி ஓய்வெடுக்க விடாம ஓட்டணும்.

#8 டீசல்தான்

சரி, நெருக்கடின்னு பேச ஆரம்பிச்சுட்டீங்க. அப்ப 2011ஐப் பேசாம இருக்க முடியாது.

ஆடி மூணு வண்டி, பெஷோ மூணு வண்டி. முதல் மணி நேரத்துலயே டன்லப் வளைவுகிட்ட ஆலன் மக்னிஷோட ஆடி ஒரு ஃபெராரியோட உரசி, தடுப்பு மேல போய் விழுந்துச்சு. சக்கரமும் பாகங்களும் புகைப்படக்காரங்க நின்ன இடத்துக்கே பறந்து போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகாதது தெய்வச் செயல். ராத்திரி மைக் ராக்கன்ஃபெல்லர், அதே மாதிரி இன்னொரு ஃபெராரியைக் கடக்கும்போது முழு வேகத்துல போய் மோதினார். வண்டியில ஓட்டுநர் உட்கார்ற கூடு மட்டும்தான் மிச்சம். அவர் தானா இறங்கி நடந்தார்.

மிச்சம் இருந்தது 2ஆம் நம்பர் ஆடி ஒண்ணே ஒண்ணு. லோட்டரர், ஃபாஸ்லர், ட்ரெலுயே. எதிரே மூணு பெஷோ. விடிஞ்சும், மத்தியானம் ஆகியும் அந்த ஒத்தை வண்டி விடல. கடைசி பிட்ல டயர்ல காத்து இறங்குறது தெரிஞ்சு நாலையும் மாத்தி அனுப்பினாங்க. லோட்டரர் புது டயர்ல ஓட்டி, 13.8 நொடியில ஜெயிச்சார். 24 மணி நேரத்துக்கு அப்புறம் 13.8 நொடி! அந்தக் கடைசி ஒரு மணி நேரம் நான் நாற்காலியில உட்காரவே இல்ல.

பெஷோ வேகமான வண்டிதான். 2008ல ஆடியைவிடத் தகுதிச் சுற்றுல 5 நொடி வேகம். ஆனா ராத்திரி மழை பிடிச்சதும் கிறிஸ்டென்சனும் மக்னிஷும் கபெல்லோவும் பழைய ஆடி ஆர்10 வண்டியை வெச்சே அவங்களைத் தாண்டிட்டாங்க. டாம் கிறிஸ்டென்சன் 9 தடவை ஜெயிச்சதுல எனக்கு உசத்தி அந்த மழை ராத்திரிதான்.

இதை எழுதும்போதே உறைக்குது. 2008ல வேகமான வண்டி தோத்ததைப் பார்த்து "இதுதான் ஆட்டம்"னு சந்தோஷப்பட்டவன் நான். 2016ல மட்டும் வேகமான வண்டிக்குத்தான் வெற்றின்னு சொன்னா நியாயமில்ல. நாலுமணி நண்பரே, பாதி உங்க பக்கம் வந்துட்டேன். மீதிப் பாதி இன்னும் நகஜிமாகிட்டதான் இருக்கு.

#9 பழைய_பிட்லேன்

இளையவர்கள் 2016லிருந்து தொடங்குகிறீர்கள். டொயோட்டாவின் துக்கம் அதைவிடப் பழையது.

1994. இமோலாவில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு லெ மானில் அவர் டொயோட்டா 94சி-வி ஓட்டுவதாக இருந்தது. அவருடைய இடத்துக்கு எடி இர்வைன் வந்தார். ஆனால் காரின் மேல் எழுதியிருந்த ராட்ஸன்பெர்கரின் பெயரை அவர்கள் அழிக்கவில்லை. அந்தப் பெயரோடுதான் கார் ஓடியது, முன்னணியிலும் இருந்தது. முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கியர் மாற்றும் இணைப்பு உடைந்தது. ஜெஃப் க்ராஸ்னாஃப் காரைப் பிட் வெளிவாயில் அருகே நிறுத்தி, இறங்கி, பின்புறம் போய்க் கையாலேயே கியரைப் பொருத்தி, அதே ஒரு கியரில் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பிட்டுக்குக் கொண்டுவந்தார். போர்ஷே ஜெயித்தது. இர்வைன் விடாமல் துரத்தி இரண்டாம் இடத்தை மீட்டார்.

1998: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மிச்சமிருக்கையில் முன்னணியில் இருந்த டொயோட்டா ஜிடி-ஒன் கார் கியர்பாக்ஸ் போய் நின்றது. அப்போதும் வென்றது போர்ஷே. 1999: உக்யோ கத்தயாமா பிஎம்டபிள்யூவைத் துரத்திக்கொண்டிருந்தபோது டயர் வெடித்து இரண்டாம் இடம். 2014: நகஜிமாவே தகுதிச் சுற்றில் முதலிடம் வாங்கிக் கொடுத்த கார், விடியற்காலை முன்னணியில் இருக்கும்போது மின்கம்பி உருகி நின்றது. அப்போதும் உள்ளே இருந்தவர் நகஜிமாதான்.

2016ல் கராஜில் அழுதவர்களுக்கு இவை அத்தனையும் நினைவில் இருந்திருக்கும்.

#10 கொடிமேடை

2017ஐயும் சேர்த்துக்கோங்க சார். எங்க ஆளுங்க உடுப்பு சம்பந்தப்பட்டதுங்கிறதால எனக்கு அது தனியா வலிக்கும்.

காமுயி கோபயாஷி தகுதிச் சுற்றுல 3:14.791. அந்தப் பாதையில அதுவரைக்கும் யாரும் பார்க்காத வேகம். பந்தயத்துலயும் முன்னணி. ராத்திரி பாதுகாப்புக் கார் வந்த நேரம், பிட் வெளிவாயில்ல சிவப்பு விளக்குக்காக நிக்கிறார். ஆரஞ்சு உடுப்புல ஒருத்தர் வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறார். கொடி காட்டுற மார்ஷல்தான் போகச் சொல்றார்னு கோபயாஷி கிளம்பிட்டார். உண்மையில அந்த ஆரஞ்சு உடுப்புக்காரர் வேற அணியோட ஓட்டுநர், ஊக்கம் சொல்லத்தான் வந்தாராம். டீம் ரேடியோவுல நிறுத்தச் சொல்ல, நின்னு, கிளம்பி, மறுபடி நின்னு… வழக்கமா அந்த வண்டி மின்சாரத்துல கிளம்பும். அப்ப இன்ஜினை வெச்சு, கிளட்சைப் பிடிச்சுக் கிளம்ப வேண்டியதாப் போச்சு. கிளட்ச் தீஞ்சுது. கொஞ்ச நேரத்துல வண்டி வெளிய. கட்டை விரல் காட்டின அந்த ஓட்டுநர் பின்னாடி பகிரங்கமா வருத்தம் தெரிவிச்சார். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது.

கொடி பிடிக்கப் போன முதல் நாளே எங்களுக்குச் சொன்னது: ஓட்டுநர் கண்ணுல படுற இடத்துல கையைத் தேவையில்லாம அசைக்காதே. அன்னிக்கு அது பெருசாப் படல.

அதே 2017ல, ஆரம்பத்துல முன் மோட்டார் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல கராஜுல கிடந்த போர்ஷேதான் கடைசியில ஜெயிச்சுது. பெர்ன்ஹார்ட், ஹார்ட்லி, பாம்பர். அதுல நாலுமணி சாரோட வாதத்துக்கு நல்ல பலம் இருக்கு.

#11 கோவை_டர்போ

ஹார்ட்லி பேரைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சுங்க. 2013ல நம்ம கருண் சந்தோக் மர்ஃபி அணியில லெ மான் ஓட்டினப்ப கூட ஓட்டினவர் இவர்தான். அதுக்கு முந்தின வருஷம் 2012ல கருண் முதல் தடவை ஓட்டி மொத்தத்துல ஆறாவது வந்தார். லெ மான்ல பந்தயம் ஓட்டின முதல் இந்தியர். 2017ல அவரோட ஓட்டின ஃபில் ஹான்சன் 2025ல ஃபெராரியில, குபிட்சா, யே யிஃபேயோட சேர்ந்து ஜெயிச்சிருக்கார்.

எங்க ஊர் நரேன் கார்த்திகேயனுக்கு அந்த முதல் பேர் 2009லயே கிடைச்சிருக்கணும்ங்க. கோலஸ் அணி ஆடி ஆர்10ல பேர் கொடுத்து, தகுதிச் சுற்றெல்லாம் முடிஞ்சு, பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பிட் சுவரைத் தாண்டும்போது தோள்பட்டை நழுவிடுச்சு. மத்த ரெண்டு பேரே 24 மணி நேரமும் மாத்தி மாத்தி ஓட்டி ஏழாவது வந்தாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆந்த்ரே லோட்டரர். மேல டீசல்தான் அண்ணன் சொன்ன அதே லோட்டரர். நரேன் தோள் சரியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் நிறைய நாள் நினைச்சுப் பார்த்திருக்கேன்.

#12 புதுவண்டி

2018ல டொயோட்டா ஜெயிச்சது இதுக்கெல்லாம் ஈடாகுமா அண்ணா? ஆடி 2016லயே கிளம்பிட்டாங்க, போர்ஷே 2017ல கிளம்பிட்டாங்க. அந்த அளவு பலத்தோட எதிர்ல யாருமே இல்லையே.

#13 நள்ளிரவு_நாலுமணி

தம்பி, இதைக் கேட்பீங்கன்னு எதிர்பார்த்தேன்.

எதிராளி இல்லாத வெற்றியும் எதிராளி இருந்த வெற்றியும் ஒண்ணு இல்ல. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்ல, டொயோட்டாகாரங்களே அதைத்தான் நினைப்பாங்கன்னு தோணுது. ஆனா 2018ல அவங்க முன்னாடி வேற ஒரு வேலை இருந்தது: வண்டி ஒண்ணை 24 மணி நேரமும் ஓட்டிக் கோட்டைத் தாண்ட வைக்கிறது. புவெமிக்கு மெதுவா ஓட்ட வேண்டிய பகுதியில வேகம் கூடினதுக்கு ஒரு நிமிஷத் தண்டனை வந்தது, அதே வண்டியை மாத்தி ஓட்டின அலோன்சோ, முன்னாடி போன இன்னொரு டொயோட்டாவோட விழுந்த இடைவெளியை ராத்திரி ஓட்டிச் சுருக்கினார். கடைசிப் பகுதிக்கு நகஜிமாவைத்தான் உட்கார வெச்சாங்க. அந்தக் கடைசிச் சுற்றை அவர் ஓட்டினப்ப நான் திரையில நேரத்தைப் பார்க்கவே இல்ல, ஒவ்வொரு வளைவுலயும் வண்டியோட சத்தத்தைத்தான் கேட்டுட்டு இருந்தேன்.

லாச்சப்பல் அண்ணா, ஒண்ணு கேட்கணும்னு முதல்லேர்ந்தே நினைச்சேன். அந்தக் கொப்பி வெச்சிருந்த பெரியவர் அப்புறம் என்ன செஞ்சார்?

#14 லாச்சப்பல்காரன்

கன நேரம் அப்பிடியே இருந்தவர். ஜானியாக்கள் மேடைக்கு வந்து ஜெர்மன் தேசிய கீதம் போகேக்கை எழும்பி நிண்டவர். தொப்பி கையிலைதான். கீதம் முடிஞ்ச பிறகு கொப்பியைத் திறந்து, கடைசி நேரத்தை எழுதினவர். அதுக்குக் கீழை இன்னொண்டும் எழுதினவர், நான் எட்டிப் பார்த்தனான்: 5ஆம் இலக்கக் காரின்ரை இலக்கமும் 384 எண்டும்.

எங்களுக்குக் கோச்சிக்கு நேரமாச்சு. ட்ராமிலை நிக்க இடம் இல்லை, அவ்வளவு சனம். ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை.